ரிக் அதே ரிக்தான், கிணறுதான் வேறு

எண்ணெய் வேலையை உதறிவிட்டுப் பசுமை ஆற்றலுக்கு வந்த பொறியாளர் என்றாலே நமக்கு ஒரு மனமாற்றக் கதை வேண்டியிருக்கிறது. ஒரு நாள் உண்மை உறைத்தது, ராஜினாமா எழுதிக் கொடுத்தார், புது வாழ்க்கை தொடங்கியது. பத்திரிகைகள் இப்படித்தான் எழுதுகின்றன. லிங்க்டின்னில் அவரவர் எழுதிக்கொள்வதும் இதே பாணிதான். இந்தத் துறையில் மிக அதிகம் பேசப்பட்ட கதை அமெரிக்காவின் டிம் லாட்டிமருடையது. எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தவர், பூமிக்கடியில் இருக்கும் வெப்பத்துக்காகக் கிணறு தோண்டப் போனார். அந்தக் கதையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மனசாட்சியின் பங்கைவிடச் சந்தையின் பங்கும் தொழில் நுணுக்கத்தின் பங்கும்தான் பெரிதாகத் தெரிகின்றன. அதில் குறை ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. மனமாற்றத்தை மட்டும் நம்பினால் ஒரு துறைக்கு நூறு பேர்தான் வருவார்கள்.

லாட்டிமர் வளர்ந்தது டெக்சாஸில், வேகோ நகருக்கு அருகில் இருக்கும் ரைசல் என்ற சின்ன ஊரில். பக்கத்திலேயே ஒரு நிலக்கரி அனல்மின் நிலையம். டல்சா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, பிஹெச்பி என்ற சுரங்க நிறுவனத்தின் ஷேல் வயல்களில் (ஷேல் என்பது எண்ணெயும் எரிவாயுவும் இறுகிக் கிடக்கும் களிப்பாறை) டிரில்லிங் இன்ஜினியராகச் சேர்ந்தார். அங்கே சில கிணறுகளில் அடிப்பகுதி எதிர்பார்த்ததைவிடச் சூடு. கருவிகள் தாங்கவில்லை. சூடான பாறையை வேறு யார் தோண்டுகிறார்கள் என்று தேடிப் படித்தபோது அவர் கையில் சிக்கியது 2006-ஆம் ஆண்டின் எம்.ஐ.டி. அறிக்கை ஒன்று. (நம் குரோம்பேட்டை அல்ல, பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி.) சரியான ஆராய்ச்சிச் செலவு செய்தால் 2050-க்குள் அமெரிக்காவில் 1,00,000 மெகாவாட் புவிவெப்ப மின்சாரம் சாத்தியம் என்றது அந்த அறிக்கை. அதற்குத் தடையாகச் சொல்லப்பட்ட காரணங்களில் பெரியது, தோண்டும் செலவு. தினமும் தோண்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்தப் பக்கம் எப்படிப் பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்: அறிக்கை எழுதியவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டது பழைய டிரில்லிங் வேகம். ஷேல் காலத்து வேகம் அதில் இல்லை.

2015-ல் அவர் வேலையை விட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். அங்கே புவிவெப்பப் பாறைகளைப் பற்றி முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த ஜாக் நோர்பெக்கைச் சந்தித்தார். 2017-ல் இருவரும் சேர்ந்து ஃபெர்வோ எனர்ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 2014 நடுவில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 டாலருக்கு மேல். 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே. அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ரிக்குகளின் எண்ணிக்கை 2014 இறுதியில் 1,900-ஐ ஒட்டி இருந்தது. 2016 மே மாதம் 404. ஐந்து ரிக்கில் நான்கு யார்டில் நின்றன. அதில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். எண்ணெய்த் தொழிலுக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதல்ல, வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இந்த முறை வெளியே தள்ளப்பட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பத்து வருடம் ஒரே மாதிரிக் கிணறுகளை நூற்றுக்கணக்கில் தோண்டித் தோண்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம், அரை நாள் என்று குறைத்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்துக்கு எண்ணெய் என்றும் வெந்நீர் என்றும் பேதம் கிடையாது.

புவிவெப்ப மின்சாரம் புதிய விஷயம் இல்லை. கலிஃபோர்னியாவின் கெய்சர்ஸ் வயலில் 1960 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட இடம் அமைய மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும்: சூடான பாறை, அதில் தண்ணீர், தண்ணீர் ஓடுவதற்கு விரிசல். சூடு எங்கும் இருக்கிறது, ஆழமாகப் போனால் போதும். தண்ணீரும் விரிசலும்தான் அரிது. இல்லாத விரிசலை நாமே உண்டாக்கித் தண்ணீரையும் நாமே அனுப்பலாமே என்ற யோசனையை லாஸ் ஆலமோஸ் ஆய்வகம் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் 1970-களிலேயே தொடங்கி முயன்று பார்த்தது. வேலை செய்தது, ஆனால் கட்டுப்படியாகவில்லை. ஒரு செங்குத்துக் கிணற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தண்ணீர் ஒன்றிரண்டு விரிசல் வழியாகவே ஓடிவிடும். பாறையின் பெரும்பகுதிச் சூடு தொடப்படாமல் கிடக்கும்.

ஷேல்காரர்கள் செய்தது என்ன? கீழே போய்க் கிணற்றைப் படுக்கையாகத் திருப்பினார்கள். படுத்திருக்கும் அந்தக் குழாயின் நீளத்தைப் பகுதி பகுதியாக அடைத்து, ஒவ்வொரு பகுதியிலும் அழுத்தம் கொடுத்துப் பாறையைப் பிளந்தார்கள். ஒரு விரிசலுக்குப் பதில் நூற்றுக்கணக்கான விரிசல்கள். இதே முறையைச் சூடான பாறையில் இரண்டு இணையான படுக்கைக் கிணறுகளுக்கு இடையே செய்தால், ஒன்றில் குளிர்ந்த நீர் இறங்கும், விரிசல்கள் வழியாகப் பரவிச் சூடேறும், மற்றொன்றில் வெந்நீராக மேலே வரும். தாளில் வரைந்தால் எளிது. இடையில் நிற்பது கிரானைட்.

எண்ணெய் கிடைப்பது பெரும்பாலும் மணற்கல், சுண்ணாம்புக்கல், ஷேல் போன்ற படிவுப் பாறைகளில். சூடு கிடைப்பது அதற்கும் கீழே இருக்கும் கருங்கல்லில். கொங்கு நாட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி கருங்கல்லைக் காற்றழுத்தச் சுத்தியலால் பொடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இங்கே போக வேண்டியது எட்டாயிரம் அடி, பத்தாயிரம் அடி, அதிலும் பாதியில் திரும்ப வேண்டும். புவிவெப்பத் துறையில் இதற்குப் பழைய வழி உருளும் பல் வைத்த பிட், அதாவது குழாயின் நுனியில் பாறையைக் குடையும் தலை. மெதுவாகப் போகும், சீக்கிரம் தேயும். தேய்ந்த பிட்டை மாற்றுவது என்றால் கிணற்றில் இருக்கும் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். மூன்று குழாய் சேர்ந்த ஒரு கோவை சுமார் 90 அடி. எட்டாயிரம் அடியில் இருந்தால் ஏறக்குறைய 90 கோவைகள். ஒவ்வொன்றாக இழுத்து, கழற்றி, ரிக்கின் கோபுரமான டெரிக்கில் சாய்த்து வைத்து, புது பிட் மாட்டி, மறுபடி ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். இதற்கு ட்ரிப் என்று பெயர். ஒரு ட்ரிப் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாள் போய்விடும், ஓர் அங்குலம்கூடக் கீழே இறங்காமல். ரிக் வாடகை மட்டும் நாள் கணக்கில் ஓடும்.

ஷேலில் பயன்பட்ட பிட் வேறு வகை. செயற்கை வைரப் பூச்சுடன் கூடிய வெட்டுப் பற்கள் பதித்த, சுழலும் பாகமே இல்லாத பி.டி.சி. பிட். கிரானைட்டில் அது உடைந்துவிடும் என்பது ரொம்ப நாள் நம்பிக்கை. யூட்டாவில் அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியில் நடக்கும் ஃபோர்ஜ் என்ற ஆய்வுத் தளத்தில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. அதில் முக்கியமானவர் ஃப்ரெட் டுப்ரீஸ்ட். எக்ஸான்மொபில் நிறுவனத்தில் டிரில்லிங்கில் பல பத்தாண்டு வேலை பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். அவர் சொன்னதை எளிமையாக்கினால்: பிட் உடைவதற்குக் காரணம் பாறையின் கடினம் மட்டும் இல்லை, அதிர்வு. பாறை கடினமாக இருக்கிறதே என்று பயந்து பிட்டின்மேல் எடையைக் குறைத்தால், பல் பாறையில் ஊன்றாமல் பிட் தள்ளாடும், பக்கச் சுவரில் மோதும், பல் சில்லாகும். எடையைக் கூட்டினால் பல் உள்ளே இறங்கி நிலைக்கும், தள்ளாட்டம் அடங்கும். டிரில்லர் உள்ளுணர்வுக்கு நேர் எதிரான அறிவுரை இது. ஒரு கன அங்குலப் பாறையை உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற கணக்கைத் திரையில் ஓடவிட்டு, அது திடீரென ஏறினால் ஆற்றல் பாறைக்குப் போகாமல் அதிர்வுக்குப் போகிறது என்று புரிந்துகொள்ளச் சொன்னார்கள். தோண்டும் வேகம் பல மடங்கு கூடியது. ஃபோர்ஜ் முடிவுகள் எல்லாருக்கும் பொதுவில் கிடைத்தன. ஃபெர்வோவின் பெரிய திட்டம் அதற்குப் பக்கத்து நிலத்தில்தான் வந்தது, தற்செயலாக அல்ல.

எண்ணெய் வயலிலிருந்து அப்படியே இடம்பெயர்ந்த இன்னொரு பொருள் ஒரு வரைபடம். கிடை அச்சில் நாள், செங்குத்து அச்சில் ஆழம். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கோடு, மேலிருந்து கீழ் நோக்கி. கோடு செங்குத்தாக விழுந்தால் வேகமாகத் தோண்டுகிறோம், படுக்கையாகப் போனால் காசு வீணாகிறது. எந்த டிரில்லிங் அலுவலகச் சுவரிலும் இது தொங்கும். காலை அறிக்கையைப் படிக்கும் இன்ஜினியரின் கண் முதலில் தேடுவது கோட்டில் உள்ள படுக்கைத் துண்டுகளைத்தான்: இங்கே ஏன் பதினான்கு மணி நேரம் நின்றோம்? கேசிங் (கிணற்றுச் சுவருக்கான இரும்புக் குழாய்) இறக்கியதா, பம்ப் பழுதா, ட்ரிப்பா? அடுத்த கிணற்றில் அந்தத் துண்டு காணாமல் போக வேண்டும். புவிவெப்பத் துறையில் இந்தப் பழக்கம் வேரூன்ற வாய்ப்பே இருக்கவில்லை, ஏனென்றால் ஒரே இடத்தில் ஒரே மாதிரியான கிணறு அடுத்தடுத்துத் தோண்டியவர்கள் குறைவு. ஒன்று தோண்டுவார்கள், அனுபவம் சேர்வதற்குள் குழு கலைந்துவிடும்.

2023 ஜூலையில் ஃபெர்வோ தன் முதல் சோதனையின் முடிவை அறிவித்தது. நெவாடாவில் வினமக்கா ஊருக்கு அருகே, படுக்கையாக 3,250 அடி நீளம், பாறையின் சூடு 191 டிகிரி செல்சியஸ் வரை, வினாடிக்கு 63 லிட்டர் தண்ணீர், முப்பது நாள் சோதனையில் 3.5 மெகாவாட்டுக்குப் போதுமான வெப்பம். அந்த நவம்பரில் மின்சாரம் கூகுளின் டேட்டா சென்டர்களுக்கு உதவும் வகையில் மின்தொகுப்புக்குப் போகத் தொடங்கியது. அடுத்தது மேலே சொன்ன பெரிய திட்டம், யூட்டாவின் பீவர் கவுன்டியில் கேப் ஸ்டேஷன். முதல் சில கிணறுகளிலேயே தோண்டும் நேரம் நெவாடாவோடு ஒப்பிட 70 சதவீதம் குறைந்தது. ஒரு கிணற்றின் செலவு 94 லட்சம் டாலரிலிருந்து 48 லட்சம் டாலருக்கு இறங்கியது. 2025-ல் 15,765 அடி ஆழக் கிணறு ஒன்றைப் பதினாறு நாள் டிரில்லிங்கில் முடித்ததாக அறிவித்தார்கள். 2028-க்குள் அங்கே 500 மெகாவாட் என்பது திட்டம். தெற்கு கலிஃபோர்னியா எடிசன் என்ற மின் விநியோக நிறுவனம் மட்டும் 320 மெகாவாட்டுக்குப் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

சர்வதேச எரிசக்தி முகமை 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் எண்ணாகச் சொன்னது: ஒரு புவிவெப்பத் திட்டத்துக்குத் தேவையான முதலீட்டில் 80 சதவீதம் வரை எண்ணெய்-எரிவாயுத் துறையில் ஏற்கெனவே இருக்கும் திறனும் அனுபவமும் சார்ந்தது.

அப்படியானால் எல்லாம் சுலபமா? இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கச்சா எண்ணெயாக இருந்தால் அது 2025-ல் 60, 70 டாலருக்குப் போனது. அதே பீப்பாயில் நெவாடாக் கிணற்றின் வெந்நீர் இருந்தால்? வினாடிக்கு 63 லிட்டருக்கு 3.5 மெகாவாட் என்ற விகிதத்தை வைத்துப் போட்டால் ஒரு பீப்பாய் வெந்நீர் தரும் மின்சாரம் இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் பத்து சென்ட் என்று தாராளமாக வைத்தாலும் கால் டாலர் தேறாது.

எண்ணெய்க் கிணறு தோண்டுபவருக்கு இது தலைகீழ் உலகம். எண்ணெயில் ஒரு கிணறு பத்து நாள் தாமதமானாலும் நல்ல மகசூல் வந்தால் எல்லாம் மன்னிக்கப்படும். முதல் இரண்டு வருடத்திலேயே பெரும்பகுதி காசு வந்துவிடும். வெப்பக் கிணற்றில் வருமானம் பதினைந்து, இருபது வருடத்துக்குச் சொட்டுச் சொட்டாக, முன்பே பேசி வைத்த விலையில் வரும். விலை ஏறும் என்று காத்திருக்க ஒன்றும் இல்லை. மிச்சம் பிடிக்கக்கூடிய ஒரே இடம் தோண்டும் செலவு. அதனால்தான் இந்தத் தொழிலின் நடுவில் டிரில்லிங் இன்ஜினியர் வந்து உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் நிறுவனத்தில் அந்த இடம் எப்போதும் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று சொல்லும் நிலவியலாளருக்கு.

மேலே வருவது வெறும் தண்ணீர்தானே என்ற அலட்சியமும் ஆகாது. கிணற்றுக்குள் போகும் அளவுக் கருவிகளின் எலக்ட்ரானிக்ஸ் பெரும்பாலும் 175 டிகிரிக்கு மேல் திணறும். தோண்டும்போது கிணற்றில் சுற்றவிடும் சேற்றுக் குழம்பைக் குளிரவைத்துக் குளிரவைத்து அனுப்ப வேண்டும். கிணறு முடிந்தபிறகு வேறு கவலை. ஏதோ ஒரு விரிசல் மற்றதைவிட அகலமாக இருந்தால் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுக்கு வழியில் ஓடி, சூடேற நேரமில்லாமல் மேலே வந்துவிடும். ஷேலில் எவ்வளவு பிளந்தாலும் நல்லது. இங்கே எல்லா விரிசலும் ஏறக்குறைய சமமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். நிலத்தடி எண்ணெய்த் தேக்கத்தைக் கணிக்கும் ரிசர்வாயர் இன்ஜினியர்கள் கற்ற பாடத்தில் பாதியை மறக்க வேண்டிய இடம் இது.

நிலநடுக்கம் இன்னொன்று. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்கு அடியில் 2006 டிசம்பரில் தண்ணீர் செலுத்தியபோது 3.4 அளவில் நடுக்கம் ஏற்பட்டுத் திட்டமே கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் வந்தது 5.4. அதைத் தூண்டியது புவிவெப்பத் திட்டம்தான் என்று அரசு அமைத்த குழுவே 2019-ல் சொன்னது. நில அதிர்வு ஓர் அளவைத் தாண்டினால் பம்பை மெதுவாக்கு, இன்னும் தாண்டினால் நிறுத்து என்ற சிக்னல் விளக்கு முறை இன்று எல்லா இடத்திலும் கட்டாயம்போல ஆகிவிட்டது. டெக்சாஸ் பாலைவனத்தில் பழகியவர்கள் இதை எரிச்சலோடு பார்ப்பார்கள், ஆனால் பழகித்தான் ஆக வேண்டும்.

லாட்டிமருக்கு மாறும்போது எண்ணெயில் மூன்று நான்கு வருட அனுபவம்தான். இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு அவரைவிட சுவாரசியமாகப் படுபவர் சிண்டி டாஃப். ஷெல் நிறுவனத்தில் 36 வருடம், கிணறுகளுக்குப் பொறுப்பான துணைத் தலைவர் பதவி வரை போய்விட்டு, ஹூஸ்டனில் சேஜ் ஜியோசிஸ்டம்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். கூட இருப்பவர்களும் பழைய எண்ணெய்க்காரர்களே. பூமிக்கடியில் தண்ணீரை அழுத்தி வைத்துத் தேவைப்படும்போது திறந்து மின்சாரம் எடுக்கும் முறையையும் முயல்கிறார்கள், ஒரு வகை பேட்டரி மாதிரி. 2024-ல் மெட்டாவோடு 150 மெகாவாட் வரைக்கான ஒப்பந்தம் போட்டார்கள். பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் நிதி திரட்ட நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் வேலைக்கு வருவதற்கு அவருடைய தொழில் பெருமைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஜேமி பியர்ட் என்ற டெக்சாஸ் வழக்கறிஞர். எண்ணெய்க்காரர்களைத் திட்டாமல், "இதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது" என்ற தொனியில் வருடக்கணக்காக மாநாடுகள் நடத்தி அவர்களை இழுத்தார்.

இது எவ்வளவு தூய்மை என்ற கேள்வி வரும். ஃபெர்வோவில் பணம் போட்டவர்களில் எண்ணெய் நிறுவனமான டெவான் எனர்ஜி உண்டு, ஃப்ராக்கிங் (அழுத்தம் கொடுத்துப் பாறையைப் பிளக்கும் வேலை) சேவை நிறுவனமான லிபர்ட்டி எனர்ஜியும் உண்டு. லிபர்ட்டியின் தலைவராக இருந்த கிறிஸ் ரைட்தான் 2025 முதல் அமெரிக்க எரிசக்தித் துறைச் செயலர். அந்த ஆண்டு ஜூலையில் வந்த வரிச் சட்டம் காற்றாலைக்கும் சூரிய ஒளிக்கும் இருந்த சலுகைகளை வெட்டியபோது புவிவெப்ப மின்சாரத்துக்கு இருந்ததைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. எண்ணெய் உலகத்தோடு இருக்கும் இந்த உறவு சிலருக்கு நெருடலாம். ஆனால் வேலை தேடும் பொறியாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஆட்சி மாறினாலும் சம்பளம் நிற்காத பசுமை வேலை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் இடம் குறைவு. அமெரிக்காவின் மொத்தப் புவிவெப்ப மின் நிறுவுதிறன் சுமார் 4,000 மெகாவாட். 2025-ல் அங்கே எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரிக்குகள் ஓடின. அவற்றோடு ஒப்பிட்டால் வெப்பத்துக்காக ஓடுபவை ஒரு கை விரல் எண்ணிக்கையில் சுற்றும். உலக ஆற்றல் தேவையில் புவிவெப்பத்தின் பங்கு இன்னும் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. எண்ணெய் விலை 100 டாலருக்குப் போனால் நல்ல டிரில்லர்களைப் பழைய முதலாளியே இரட்டைச் சம்பளத்தில் திருப்பி அழைப்பார். வந்தவர்கள் அனைவரும் தங்குவார்கள் என்று எண்ணுவதற்கில்லை.

நம் வாசகர்களில் குவைத்திலும் ஓமானிலும் அபுதாபியிலும் இருக்கும் பொறியாளர்கள் கேட்பது வேறு: எனக்கு என்ன வழி? அது நீங்கள் எந்தத் துறை என்பதைப் பொறுத்தது. டிரில்லிங் ஆட்களுக்கு மேலே சொன்னதுபோலப் பாலம் நேராகப் போகிறது. கடல் மேடைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கடல் காற்றாலை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு அப்பால் 2017-ல் நிறுவப்பட்ட ஹைவிண்ட், உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை, ஐந்து ஆலைகள், 30 மெகாவாட். நார்வேயின் எண்ணெய் நிறுவனம் ஸ்டாட்டாயில் கட்டியது. ஆலை நிற்கும் உயரமான மிதவைத் தூண் ஆழ்கடல் எண்ணெய் மேடைகளுக்காக வந்த வடிவம். எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன்காரர்களுக்கு எங்கே போனாலும் வேலை உண்டு, அவர்கள் கவலைப்படத் தேவையில்லை. ரிஃபைனரி ப்ராசஸ் இன்ஜினியருக்கு ஹைட்ரஜன், அம்மோனியா ஆலைகள் பழகிய உலகமே; ஆனால் அந்த ஆலைகளில் அறிவிக்கப்பட்டவை நிறைய, எழுந்தவை கொஞ்சம். மிகவும் சிரமப்படுபவர் அனல்மின் நிலையத்தின் பாய்லர் பொறியாளர். நிலக்கரி, சாம்பல், ஆலையின் குழாய்ச் சுவர், இவற்றைப் பற்றி இருபது வருடமாகச் சேர்த்த அறிவுக்குச் சூரிய ஒளிப் பண்ணையில் கேட்பாரில்லை. டர்பைன் பக்கம் இருந்தவர் தப்பித்துக்கொள்வார், பாய்லர் பக்கம் இருந்தவருக்குத் திட்ட மேலாண்மை போன்ற பொதுத் திறனை வைத்துத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது. "திறன் மாற்றம்" என்று கருத்தரங்குகளில் பேசுபவர்கள் இவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தியாவில் தனி மனிதர் மாறுவதைவிட நிறுவனம் மாறுவதே வழக்கம். பொதுத்துறை வேலையை விட்டுவிட்டு ஸ்டார்ட்அப் தொடங்கு என்று யாரும் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டார்கள். ஓ.என்.ஜி.சி.யின் எனர்ஜி சென்டர் 2021 பிப்ரவரியில் லடாக் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு, 14,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் பூகா பள்ளத்தாக்கில் ஒரு மெகாவாட் சோதனை நிலையத்துக்காகத் தோண்டத் தொடங்கியது. 2022-ல் கிணற்றிலிருந்து வெந்நீர் கட்டுமீறி வெளியேறி ஓடையில் கலக்க, வேலை நின்றது. அழுத்தக் கட்டுப்பாட்டில் அரை நூற்றாண்டு அனுபவமுள்ள நிறுவனத்துக்கே இப்படி. கொதிநிலைக்கு மேல் சூடான தண்ணீர் மேலே வரவர அழுத்தம் குறைந்து திடீரென ஆவியாகும். எண்ணெயையும் எரிவாயுவையும் அடக்கிய கை இதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு புவிவெப்பக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டில் 381 வெந்நீர் ஊற்றுகள், சுமார் 10,600 மெகாவாட் வாய்ப்பு என்கிறது. எண்ணெய் நிறுவனங்களோடு கூட்டு சேர்வதையும், கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளை வெப்பத்துக்குப் பயன்படுத்துவதையும் ஊக்குவிக்கிறது. இதைப் படித்ததும் காவிரிப் படுகையில் மூடிக் கிடக்கும் கிணறுகளின் நினைவு வராத தமிழர் இருக்க மாட்டார். 2017-ல் நெடுவாசல் போராட்டம், 2020-ல் டெல்டாவில் புதிய எண்ணெய்-எரிவாயு வேலைகளுக்குத் தடை போட்ட வேளாண் மண்டலச் சட்டம், இதெல்லாம் நடந்த மண்ணில் "இது எண்ணெய் இல்லை, வெந்நீர்" என்று சொல்லிக்கொண்டு ரிக் இறங்கினால் ஊர் நம்புமா என்பது ஒரு பக்கம். மறுபக்கம் வெறும் பொறியியல். எண்ணெய்க் கிணற்றின் உள்குழாய் குறுகலானது, பீப்பாய் பல பத்து டாலர் போகும் சரக்கை ஏற்றுவதற்கு அது போதும். வினாடிக்கு 60 லிட்டர் தண்ணீர் அதில் ஏறாது. பல பழைய கிணறுகளின் சிமென்டும் கேசிங்கும் இன்னும் இருபது வருடம் சூட்டைத் தாங்கும் நிலையில் இருக்காது. அதனால் பழைய கிணற்றிலிருந்து மின்சாரம் என்பதைவிட, மின்சாரமாக மாற்றாமல் சூட்டை அப்படியே எடுத்து நெல் உலர்த்தவோ குளிர்பதனக் கிடங்கு ஓட்டவோ பயன்படுத்துவதுதான் நடக்கக்கூடியது. அதற்கும் முதலில் எந்தக் கிணறு என்ன ஆழம், அடியில் எத்தனை டிகிரி, குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவேடு வெளியே வர வேண்டும்.